அரசு முட்டுக் கொடுக்கும் சந்தையில் ஷார்ட் செய்வதா, விற்று ஒதுங்குவதா?

ஒரு சந்தையின் விலைகள் நியாயத்துக்கு மேல் நிற்கின்றன என்று ஒருவர் கணக்குப் போட்டு முடிவுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைகளைத் தாங்கி நிற்பது நிறுவனங்களின் லாபம் இல்லை, அரசோ மைய வங்கியோ பணத்தைக் கொட்டிப் பங்குகளை வாங்குவதுதான் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த முட்டு என்றாவது சரியும் என்று நம்புகிற அவர் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன: பங்கைக் கடன் வாங்கி விற்று, விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம் (இதுவே ஷார்ட்), குறியீட்டு ஃபியூச்சர்ஸில், அதாவது குறியீட்டின் மீது பின்னொரு நாளில் தீர்க்கப்படும் ஒப்பந்தத்தில், ஷார்ட் எடுக்கலாம், குறித்த விலைக்கு விற்கும் உரிமையான புட் ஆப்ஷன் வாங்கலாம், அரசின் கை எட்டாத வேறொரு பொருளின் மீது அதே கருத்தை வைத்துப் பந்தயம் கட்டலாம், அல்லது தன்னிடம் உள்ள பங்குகளை விற்றுப் பணமாக்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, விலை அதிகமா குறைவா என்ற கேள்வியைவிட, முட்டுக் கொடுப்பவர் யார், எந்த வேகத்தில் வாங்குகிறார், ஆட்டத்தின் விதிகளை மாற்றும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறதா என்ற கேள்விகளையே சார்ந்திருக்கிறது. 1998இல் ஹாங்காங், 2015இல் சீனா, 2010 முதல் 2024 வரை ஜப்பான் ஆகிய மூன்று சந்தைகளிலும் அரசு மூன்று வேறு விதமாக நடந்துகொண்டது. அவற்றுள் ஹாங்காங்கின் கதைதான் மற்ற இரண்டையும் புரியவைப்பதால் அங்கேயே சற்று அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

1983 அக்டோபரிலிருந்து ஓர் அமெரிக்க டாலருக்கு 7.80 ஹாங்காங் டாலர் என்ற விகிதம் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஏற்பாட்டில் ஹாங்காங் டாலரை யாராவது பெருமளவில் விற்றால் வங்கிகளிடம் புழங்கும் பணம் வற்றும். பணம் வற்றினால் வட்டி எகிறும். வட்டி எகிறினால் பங்குகள் விழும். 1997 அக்டோபர் 23 அன்று வங்கிகளுக்கு இடையேயான ஒருநாள் கடன் வட்டி 280 விழுக்காடு வரை போனதும், அதே நாளில் அங்குள்ள பங்குகளின் முக்கியக் குறியீடான ஹாங்செங் பத்து விழுக்காட்டுக்கு மேல் விழுந்ததும் இந்தச் சங்கிலியை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டன. ஆகவே 1998இல் ஊக வணிகர்கள் முதலில் ஃபியூச்சர்ஸில் ஷார்ட் எடுத்துக்கொண்டு, பிறகு நாணயத்தை விற்றார்கள். நாணய விகிதம் உடைய வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை, வட்டி ஏறினால் போதும்.

ஹாங்காங் நாணய ஆணையம் பின்னர் வெளியிட்ட கணக்கு ஒன்று இந்தப் பந்தயத்தின் உள்ளமைப்பை அழகாகக் காட்டுகிறது. நாணயத்தை விற்பதற்காக முன்கூட்டியே கடன் வாங்கி வைத்த 3,000 கோடி ஹாங்காங் டாலருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 லட்சம் வட்டிச் செலவு. 80,000 ஒப்பந்தங்களில் ஷார்ட் இருந்தால், ஒரு புள்ளிக்கு 50 ஹாங்காங் டாலர் வீதம், குறியீடு 1,000 புள்ளி இறங்கும்போது கிடைப்பது 400 கோடி. அந்த இறக்கம் 1,000 நாட்களுக்குள் வந்துவிட்டால் முதலுக்கு மோசமில்லை. 100 நாட்களில் வந்துவிட்டால் 360 கோடி லாபம். ஷார்ட் செய்பவரின் செலவு நாட்களால் அளக்கப்படுகிறது, வரவு புள்ளிகளால் அளக்கப்படுகிறது என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாகச் சொல்லும் எதையும் நான் படித்ததில்லை. அரசு செய்ய வேண்டியதெல்லாம் நாட்களை நீட்டுவது, அல்லது புள்ளிகளை ஒரே வீச்சில் பறித்துக்கொள்வது. ஹாங்காங் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.

1998 ஆகஸ்ட் 13 அன்று ஹாங்செங் 6,660இல் முடிந்தது. ஓராண்டுக்கு முன்பு அது 16,673 வரை சென்ற குறியீடு. மறுநாள் வெள்ளிக்கிழமை அரசு தன் அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கொண்டு குறியீட்டில் இருந்த 33 பங்குகளையும், கூடவே ஃபியூச்சர்ஸையும் வாங்கத் தொடங்கியது. முடிவெடுத்தவர்கள் நிதிச் செயலர் டொனால்ட் சாங், நாணய ஆணையத் தலைவர் ஜோசப் யாம், நிதிச் சேவைகள் செயலர் ரஃபேல் ஹுயி ஆகிய மூவர். பத்து வர்த்தக நாட்களில் 11,800 கோடி ஹாங்காங் டாலர் செலவானது. ஆகஸ்ட் மாத ஒப்பந்தத்தின் கடைசி நாள் 28ஆம் தேதி. அந்த ஒப்பந்தத்தின் தீர்வு விலை சந்தை மூடும் நேரத்து ஒற்றை விலை அன்று. நாள் முழுவதும் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குறியீட்டு அளவுகளின் சராசரி. எனவே கடைசி நிமிடத்தில் ஒரு முறை தூக்கிவிட்டால் போதாது. காலை முதல் மாலை வரை ஒவ்வோர் ஐந்து நிமிடமும் விலையைப் பிடித்து நிறுத்த வேண்டும். முந்தைய இரவு நியூயார்க்கில் டவ் குறியீடு 4 விழுக்காட்டுக்கு மேல் விழுந்திருந்தது, ரஷ்யா கடனைக் கட்டாமல் கைவிரித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஹெச்எஸ்பிசி, ஹாங்காங் டெலிகாம் போன்ற, குறியீட்டில் கனமான பங்குகளில் வந்த விற்பனையை எல்லாம் அரசு வாங்கிக்கொண்டே இருந்தது. ஒரே நாளில் 7,900 கோடி ஹாங்காங் டாலருக்கு வணிகம் நடந்து, குறியீடு 7,829இல் முடிந்தது. தீர்வு விலை 7,851.

இப்போது ஒரே ஒரு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 13 அன்று, எல்லோரும் பயந்திருந்த வேளையில், 6,700இல் ஷார்ட் எடுத்தவர் 28ஆம் தேதி 1,151 புள்ளிகளை, அதாவது 57,550 ஹாங்காங் டாலரை இழந்தார். கோடைத் தொடக்கத்திலேயே 8,400 அளவில் ஷார்ட் எடுத்து வைத்திருந்தவர், அரசு அத்தனை பணத்தைக் கொட்டிய பிறகும், 549 புள்ளி லாபத்தில்தான் இருந்தார். இருவருடைய கருத்தும் ஒன்றே, சந்தையும் ஒன்றே, அரசும் ஒன்றே. அரசு பெரும்பாலும் பீதியின் அடிமட்டத்தில்தான் களத்தில் இறங்குகிறது. எனவே முட்டுக் கொடுக்கும் செய்தி வந்த பிறகோ, வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய பிறகோ ஃபியூச்சர்ஸில் புதிதாக ஷார்ட் எடுப்பது இந்த வழிகளுள் மிக மோசமான நேரத்தில் செய்யப்படும் செயல்.

ரோல் ஓவர் செய்து அடுத்த மாதத்துக்குப் போய்விடலாமே என்று கேட்கலாம். 28ஆம் தேதி செப்டம்பர் ஒப்பந்தம் குறியீட்டைவிட 600 புள்ளிக்கும் மேல் கீழே வணிகமானது. ஆகஸ்ட் ஷார்ட்டை 7,851இல் முடித்துவிட்டு, செப்டம்பரில் அவ்வளவு தாழ்ந்த விலைக்கு மறுபடி ஷார்ட் எடுத்தவர் வாசலிலேயே 600 புள்ளியைக் கட்டணமாகக் கட்டினார். ஆகஸ்ட் 31 அன்று அரசு ஒதுங்கி நின்றதும் குறியீடு 7 விழுக்காடு விழுந்து 7,275க்கு வந்தபோது அவர் சரியாகச் சொன்னார் என்றே தோன்றியிருக்கும். ஆனால் செப்டம்பர் இறுதியில் குறியீடு மீண்டும் 7,800க்கு மேல் நின்றது, ஆண்டு முடிவில் 10,000ஐத் தாண்டியிருந்தது.

பங்கைக் கடன் வாங்கி விற்கும் நேரடி ஷார்ட்டுக்கு வருவோம். இதில் கடைசி நாள் என்று ஒன்று இல்லை என்பதால், பொறுமை உள்ளவருக்கு இது ஃபியூச்சர்ஸைவிட ஏற்றது என்று பலர் கருதுகிறார்கள். சாதாரணச் சந்தையில் அது உண்மை. அரசு நுழைந்த சந்தையிலோ, கடன் கொடுத்தவர் திருப்பிக் கேட்கலாம், கடன் கொடுக்கும் வழக்கமே நிறுத்தப்படலாம். ஹாங்காங்கில் செப்டம்பர் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட முப்பது அம்சத் திட்டத்தில், வாங்கி விற்ற இரண்டாம் நாளுக்குள் பங்கை ஒப்படைக்கும் விதி கண்டிப்பாக்கப்பட்டது. விலை இறங்கிக்கொண்டிருக்கும்போது ஷார்ட் விற்பதற்குத் தடையாக இருக்கும் பழைய விதியும் திரும்ப வந்தது. அரசு வாங்கிய பங்குகள் கடன் சந்தைக்கு வராமல் அதன் பெட்டியில் உட்கார்ந்துவிட்டால், கடனுக்குக் கிடைக்கும் பங்குகளும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

சீனாவில் நடந்தது இதைவிடக் கடுமையானது. ஷாங்காய் குறியீடு 2015 ஜூன் 12 அன்று 5,166இல் இருந்தது. ஜூலை 8 அன்று 3,507. அந்த நான்கு வாரத்துக்குள் 21 தரகு நிறுவனங்கள் 12,000 கோடி யுவானை ஒதுக்குவதாக அறிவித்து, குறியீடு 4,500க்குக் கீழே இருக்கும்வரை தங்கள் சொந்தப் பங்குகளை விற்கமாட்டோம் என்று உறுதி கொடுத்தன. புதிய பங்கு வெளியீடுகள் நிறுத்தப்பட்டன. ஐந்து விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் ஆறு மாதம் விற்கக் கூடாது என்று ஆணை வந்தது. தீய நோக்கத்துடன் ஷார்ட் செய்தவர்களைத் தேடிக் காவல்துறை கிளம்பியது. நோக்கம் தீயதா நல்லதா என்பதை வர்த்தகத் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்கும் வித்தை எனக்குத் தெரியாது. ஆனால் ஷார்ட் வைத்திருந்த ஒருவருக்கு அந்தச் சொல் மார்ஜின் (தரகரிடம் கட்டும் பிணைத்தொகை) கேட்டு வரும் அழைப்பைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். அதே வேளையில், பட்டியலில் இருந்த நிறுவனங்களில் ஏறத்தாழப் பாதி தங்கள் பங்கு வணிகத்தைத் தாமாகவே நிறுத்தி வைத்தன. அப்படி நிறுத்தப்பட்ட பங்கில் ஷார்ட் இருந்தால், கடன் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், பங்கைத் திரும்ப வாங்கிக் கவர் செய்ய வழி இருக்காது. ஆகஸ்ட் தொடக்கத்தில், கடன் வாங்கி விற்றவர் அதே நாளில் கவர் செய்யக் கூடாது என்ற விதியும் சேர்ந்தது.

ஃபியூச்சர்ஸுக்கு அங்கு நேர்ந்தது கதவையே சாத்துவதற்குச் சமம். 2015 செப்டம்பரில், இடர் காப்புக்காக அல்லாத குறியீட்டு ஃபியூச்சர்ஸுக்கு மார்ஜின் 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஒரு நாளில் ஒருவர் ஒரு பொருளில் பத்துக்கு மேல் புதிய ஒப்பந்தம் எடுத்தாலே வழக்கத்துக்கு மாறான வணிகம் என்று கருதப்பட்டது. அதே நாளில் முடித்துக்கொள்வதற்கான கட்டணம் 0.23 விழுக்காடாக ஆனது. இத்தனைக்கும் ஷார்ட் செய்தவர்களின் கருத்து தவறவில்லை. ஜூலை 8இல் 3,507இல் இருந்த குறியீடு ஆகஸ்ட் 26 அன்று 2,927க்கு வந்தது. 2016 ஜனவரியில் அதற்கும் கீழே போனது. ஹாங்காங்கில் அரசு சந்தைக்குள் வந்து எதிராளியாக விளையாடித் தோற்கடித்தது, விதிகளைப் பின்னர்தான் திருத்தியது. சீனாவில் விலையைப் பொறுத்தவரை அரசுதான் தோற்றது. ஆனால் ஜெயித்தவர் பணத்தை எண்ணுவதற்கு மேசை இல்லை. என்னைப் பொறுத்தவரை, சந்தையை நடத்துபவரும் காவல்துறையை அனுப்புபவரும் ஒருவராக இருக்கும் நாட்டில், அந்த நாட்டு எல்லைக்குள் நேரடி ஷார்ட்டும் ஃபியூச்சர்ஸ் ஷார்ட்டும் பரிசீலனைக்கே உரியவை அல்ல.

புட் ஆப்ஷனின் சிறப்பு எல்லோருக்கும் தெரிந்தது: அதற்குக் கட்டிய விலையான பிரீமியத்துக்கு மேல் ஒரு காசு போகாது, மார்ஜின் அழைப்பு வராது, பத்து நாட்களில் 18 விழுக்காடு ஏறினாலும் வீட்டை விற்க வேண்டியதில்லை. ஹாங்காங் மாதிரியான திடீர் அடிக்கு இது நல்ல கவசம். ஆனால் இரண்டு இடங்களில் இது காலை வாரும். முதலாவது, புட்டை விற்கும் தரகர் தன் பக்கத்து இடரைச் சமன் செய்ய அடிப்படைப் பங்கையோ ஃபியூச்சர்ஸையோ ஷார்ட் செய்தாக வேண்டும். ஷார்ட்டுக்குத் தடையோ கட்டுப்பாடோ வரும்போது அந்தச் செலவை அவர் பிரீமியத்தில்தான் ஏற்றுவார். 2008 செப்டம்பர் 19 அன்று அமெரிக்கா 799 நிதி நிறுவனப் பங்குகளில் ஷார்ட்டைத் தடை செய்தபோது புட் வாங்க ஓடியவர்கள் இதை நேரில் பார்த்தார்கள். எரிகிற வீட்டுக்குக் காப்பீடு கேட்டுப் போவது போன்றது அது.

இரண்டாவது இடம் ஜப்பான். அங்கு மைய வங்கி 2010 டிசம்பரில் ஈடிஎஃப், அதாவது பங்குச்சந்தையில் வணிகமாகும் குறியீட்டு நிதி அலகுகளை, வாங்கத் தொடங்கியது. 2016இல் ஆண்டுக்கு 6 லட்சம் கோடி யென் என்றும், 2020 மார்ச்சில் உச்சவரம்பு 12 லட்சம் கோடி யென் என்றும் அந்த இலக்கு வளர்ந்தது. காலை வணிகத்தில் டோபிக்ஸ் குறியீடு சறுக்கினால் மதியம் மைய வங்கி வரும், ஒரு நாளைக்குச் சுமார் 7,000 கோடி யென் வாங்கும் என்பது ஒரு காலத்தில் டோக்கியோ வர்த்தகர்களுக்கு மதிய உணவு நேரம் போல் பழகிப்போன ஒன்று. இங்கு யாரையும் நொறுக்கும் அடி விழுவதில்லை. இறக்கங்கள் மட்டும் வளர விடாமல் மழுங்கடிக்கப்படுகின்றன. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு மாதமும் புட்டின் பிரீமியம் கரைகிறது. 2020 மார்ச் 19 அன்று நிக்கெய் குறியீடு 16,552 வரை விழுந்தபோது மைய வங்கியின் வாங்குதல் அதைத் தடுக்கவில்லை, அன்று புட் வைத்திருந்தவருக்கு நல்ல லாபம்தான். ஆனால் அந்த ஒரு நாளுக்காக எத்தனை எக்ஸ்பைரிகளுக்கு (ஒப்பந்தம் முடியும் நாட்களுக்கு) பிரீமியம் கட்டியிருப்பார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 2024 பிப்ரவரியில் நிக்கெய் தன் 1989ஆம் ஆண்டின் உச்சமான 38,915ஐக் கடந்தது. அதற்கு அடுத்த மாதம்தான் மைய வங்கி புதிதாக வாங்குவதை நிறுத்தியது. பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த முட்டு அது. அப்படிப்பட்ட சந்தையில் ஷார்ட்டை எந்த வடிவத்தில் வைத்திருந்தாலும் தேய்மானம்தான் மிச்சம். முட்டை எடுத்தால் கட்டடம் சரியும் என்று காத்திருந்தவர்களுக்கு 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பைச் சொல்ல வேண்டும்: கையிருப்பை விற்கப் போகிறோம், ஆனால் வாங்கிய விலைக் கணக்கில் ஆண்டுக்கு 33,000 கோடி யென் வீதம்தான் விற்போம் என்றது மைய வங்கி. ஏறத்தாழ 37 லட்சம் கோடி யென்னுக்கு வாங்கிக் குவித்ததை இந்த வேகத்தில் விற்று முடிக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

நான்காவது வழி, முட்டு இல்லாத பக்கத்தில் பந்தயம் கட்டுவது. ஓரிடத்தில் விலையைப் பிடித்து வைத்தால் அழுத்தம் வேறிடத்தில் வெளிவரும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். சீனாவில் அது பலித்தது: உள்நாட்டு ஃபியூச்சர்ஸ் முடங்கியபோது சிங்கப்பூரில் வணிகமாகும், சீனப் பங்குகளின் மீதான ஏ50 ஃபியூச்சர்ஸ் திறந்தே இருந்தது, 2015 ஆகஸ்ட் 11 அன்று யுவானின் மதிப்பு ஒரே நாளில் ஏறத்தாழ 2 விழுக்காடு குறைக்கப்பட்டபோது, பங்கை விட்டுவிட்டு நாணயத்தில் ஷார்ட் எடுத்தவர்கள் பலன் பெற்றார்கள். ஹாங்காங்கில் இதே எண்ணம் பொய்த்தது. நாணய விகிதம் உடையும் என்று பந்தயம் கட்டியவர்கள் இன்றுவரை காத்திருக்கிறார்கள். அரசு எதை உயிர் போல் காக்கிறது, எதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறது என்று பிரித்தறியத் தெரிந்தவருக்கு மட்டுமே இந்த வழி பொருந்தும். அது பங்குச்சந்தை அறிவைவிட அரசியல் அறிவைச் சார்ந்தது.

கடைசி வழியான கையிலிருப்பதை விற்று ஒதுங்குவதை ஷார்ட் செய்பவர்கள் கோழைத்தனமாக நினைப்பது உண்டு. எனக்கு அது அப்படித் தெரியவில்லை. மற்ற நான்கு வழிகளிலும் அரசு எதிரில் நிற்கிறது, அல்லது அது எங்கே நிற்கிறது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு வழியில் மட்டும் அரசு நமக்கு வாடிக்கையாளர். 1998 ஆகஸ்ட் 28 அன்று தம்மிடம் உண்மையாகவே இருந்த ஹெச்எஸ்பிசி பங்குகளை விற்றவர், வேறு எவரும் அந்த அளவுக்கு வாங்கத் தயாராக இல்லாத நாளில், கேட்ட அளவுக்கு வாங்கும் ஒருவரைக் கண்டார். கடன் கொடுத்தவர் திருப்பிக் கேட்பார், மார்ஜின் உயரும், எக்ஸ்பைரி வரும் என்ற கவலை எதுவும் அவருக்கு இல்லை. இதற்கும் விலை உண்டு: ஆண்டு இறுதியில் குறியீடு 10,000ஐத் தாண்டியபோது அவர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அரசு வாங்கிய பங்குகளை 1999 நவம்பரில் டிராக்கர் ஃபண்ட் என்ற பெயரில் பொதுமக்களுக்கு லாபத்துடன் விற்கத் தொடங்கியது என்பதையும் மறைக்க முடியாது. இருந்தாலும் வராமல் போன லாபம் வேறு, கடன்காரனாக்கும் நட்டம் வேறு.

என் தேர்வைக் கேட்டால், பங்கு வைத்திருப்பவருக்கு முதலில் விற்பதையே சொல்வேன். பங்கே இல்லாமல் சந்தை விழும் என்ற கருத்து மட்டும் உள்ளவருக்கு, அரசு இறங்குவதற்கு முன், சந்தை அமைதியாக இருக்கும்போது, இழந்தால் வருந்தாத தொகைக்கு நீண்ட தவணைப் புட் வாங்குவது ஏற்றது. ஜப்பான் போல் ஆண்டுக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வாங்கும் சந்தையில் அதுவும் வேண்டாம். இந்தியாவில் இருக்கும் வாசகருக்கு இந்தத் தேர்வு ஏற்கனவே பாதி முடிந்துவிட்டது: ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் வெளிநாட்டுச் சந்தைகளின் மார்ஜினுக்குப் பணம் அனுப்ப அனுமதி இல்லை என்பதால் ஹாங்காங், டோக்கியோ ஃபியூச்சர்ஸ் ஷார்ட் அவருக்குக் கிடையாது, அந்தச் சந்தைகளின் ஈடிஎஃப் வைத்திருந்தால் விற்பதுதான் அவர் கையில் உள்ளது.

விற்பதையும் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் கராச்சியில் நடந்தது சாட்சி. 2008 ஆகஸ்ட் 27 அன்று கராச்சிப் பங்குச்சந்தை, கேஎஸ்இ-100 குறியீடு 9,144க்குக் கீழே இறங்க முடியாதபடி பங்கு விலைகளுக்குத் தரை போட்டது. அந்த விலைக்கு வாங்க யாரும் வரவில்லை, அதற்குக் கீழே விற்க விதி இடம் தரவில்லை. ஷார்ட் செய்ய நினைத்தவரோடு சேர்ந்து, கையில் பங்கை வைத்துக்கொண்டு விற்க நினைத்தவரும் ஏறத்தாழ மூன்றரை மாதம் அந்தத் தரையின் மேலேயே உட்கார்ந்திருந்தார். டிசம்பர் 15 அன்று தரை எடுக்கப்பட்டது. ஜனவரி முடிவதற்குள் குறியீடு 5,000க்கும் கீழே போயிருந்தது.